இன்டர்வியூ அக்காவும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியும்

ஒரகடம் வட்டாரத்தில் வாசலில் கேட், செக்யூரிட்டி என்று உள்ள எந்தக் கம்பெனியும் இன்டர்வியூ அக்காவிடமிருந்து தப்பியதில்லை. கேட் இல்லாத கம்பெனிகளையும் அவள் விட்டுவைக்கவில்லை.

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எல்லோருக்கும் ஒரே தொழிற்சாலையில் செல்போன் பாகங்களைப் பொருத்தும் வேலை. நான் தென்காசிப் பக்கம், அக்கா அரக்கோணம். வார விடுமுறையில் நாங்கள் துணி துவைப்போம், தூங்குவோம். அவள் மெரூன் சுடிதாருக்கு இஸ்திரி போட்டு எங்காவது இன்டர்வியூவுக்குக் கிளம்பிவிடுவாள். பேக்கரி கேஷியர், பல் டாக்டரிடம் ரிசப்ஷன், 'ஆண்கள் மட்டும்' என்று போட்டிருந்த செக்யூரிட்டி வேலை, எதற்கும் போவாள். கிடைத்தாலும் சேரமாட்டாள்.

"வேலைதான் இருக்கே, பொறவு ஏங்க்கா அலையுதீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முன்னாடி இருந்த கம்பெனிய ஒரு நாள் காலீல இழுத்து மூடிட்டானுங்க. அடுத்த எடத்துல இன்டர்வியூல உன் பேர் இன்னான்னு கேட்டான். எனக்கு வாயே வர்ல. அன்னிக்கு முடிவு பண்ணேன், பேசிக்கினே இருக்கணும்னு."

பழக்கம் முற்றிப்போய் அவளே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். "அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்ட ஒரு மேனேஜரிடம், "அத்த வுடுங்க சார், உங்க கம்பெனி எங்க இருக்கும்?" என்றாளாம். அவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று துருவியதில், அந்தச் சம்பந்தம் பஜ்ஜியோடு நின்றது.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதே எங்கள் லைனுக்குப் புது மெஷின் வந்தது. ஒரு சாயங்காலம் கூப்பிட்டு, எங்களைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்கள் இனி வரவேண்டாம் என்றார்கள். ஊருக்கு எப்படிச் சொல்வது என்று கம்பெனி பஸ்ஸிலேயே அழ ஆரம்பித்தோம்.

"அழுவுங்க. ஆனா கண்ணு வீங்காம அழுவுங்க," என்றாள் அக்கா. "காலீல சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து குடோன்ல ஆள் எடுக்குறாங்க."

வீடு வந்ததும் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கேள்விக்குத் திணறாமல் பதில் சொன்னவளுக்குத்தான் சோறு. நான் கடைசியாகத்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் குடோன் மேனேஜர் எங்களையெல்லாம் பேக்கிங் வேலைக்கு எடுத்துக்கொண்டார். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. வெளியே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போன ஃபோர்க்லிஃப்ட்டைக் காட்டினாள்.

"பேக்கிங்கும் ஒரு நாள் மெஷின்கிட்ட பூடும் சார். எனக்கு அந்த மெஷினே வேணும்."

"அது ஆம்பளைங்க ஓட்டுறதும்மா."

"வண்டிக்கு அது தெரியுமா சார்?"

பயிற்சியும் லைசென்ஸும் இல்லாமல் பேசிப் பயனில்லை என்று அவர் முடித்துவிட்டார். அக்கா பேக்கிங்கில் சேர்ந்தாள். விடுமுறைக்கு விடுமுறை பயிற்சிக்குப் போனாள். லைசென்ஸை வாங்கிவந்து மேனேஜர் மேஜைமேல் வைத்தாள். வேறு வழியில்லாமல் அவர் ஒரு டெஸ்ட் வைத்தார்.

குடோனே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அக்கா வண்டியை அழகாகத்தான் எடுத்தாள். திருப்பத்தில், தூக்கிவந்த பெட்டி அடுக்கு சரிந்தது. அத்தனையும் ஷாம்பு. கழுவக் கழுவ நுரை பொங்கியது. டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று ராத்திரி அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். முதல்முறையாக அவளுக்காகப் பயந்தேன்.

காலையில் பார்த்தால், மெரூன் சுடிதாரில் மேனேஜர் அறை வாசலில் நிற்கிறாள்.

"சார், நேத்து என் பலவீனத்த பாத்துட்டீங்க. இன்னிக்கு பலத்த பாருங்க."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். இந்த முறை நத்தை வேகத்தில் போனாள். ஒரு பெட்டிகூட அசையவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கி, சாவியை மேனேஜரிடம் நீட்டினாள். அந்த மாதமே வண்டி அவளுக்கு வந்தது. சிரித்த டிரைவர்கள் அவளைக் கண்டால் வழிவிட்டு நின்றார்கள்.

அதன்பிறகும் விடுமுறையில் அவள் இன்டர்வியூவுக்குப் போவதை நிறுத்தவில்லை.

நான் அங்கிருந்து கிளம்பி இரண்டொரு வேலை மாறிவிட்டேன். எந்த இன்டர்வியூவுக்குப் போய்க் காத்திருந்தாலும், பக்கத்து நாற்காலியில் அக்காவுக்கென்று என் பையை வைத்துவிடுகிறேன். இவ்வளவு தூரம் அவள் வரமாட்டாள் என்று தெரியும். இருந்தாலும் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்காரவிட மனம் வருவதில்லை.