வீட்ல ரெக்கார்ட் பண்ணினா போதும்

வயரின் ஒரு முனை கிடாரில், மறுமுனை கிடார் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸ் பெட்டியில். பெட்டியிலிருந்து இன்னொரு வயர் கம்ப்யூட்டருக்கு. எல்லாம் சரிதான், கம்ப்யூட்டரில்தான் ஒரு மண்ணும் கேட்கவில்லை.

கிடார்க்காரர் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். கச்சேரி வாய்ப்பெல்லாம் வறண்டுபோய் ரொம்ப நாளாக வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதர். காலையில்தான் ஸ்டுடியோ மேனேஜர் போன் பண்ணியிருந்தார்.

"படத்துல ஒரு பாட்டு சார். மெட்டு அனுப்பியிருக்கேன். ஸ்டுடியோவுக்கெல்லாம் வர வேண்டாம், வீட்ல ரெக்கார்ட் பண்ணி சாயங்காலத்துக்குள்ள அனுப்பினா போதும்."

இதுவும் போச்சென்றால் கிடாரைத் தலைமுழுகிவிட்டு மச்சினன் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான்.

"கிடார் படம் போட்டு ஒரு குட்டி சுவிட்ச் இருக்கே?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி.

"எனக்குத் தெரியாதா? உன் வேலையைப் பாரு."

அவள் தலை மறைந்ததும் அதைத்தான் அமுக்கினார். சத்தம் வந்தது. கூடவே 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரமும் வந்து தொலைத்தது.

"ஃபிரிட்ஜை நிறுத்து!"

நிறுத்தினாள். ரீங்காரம் போகவில்லை.

"ஃபேனை நிறுத்து! லைட்டையும்!"

இருட்டும் புழுக்கமும்தான் மிச்சம். ஆத்திரத்தில் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு மைக்கைச் செருகி கிடார் முன்னால் நிறுத்தினார். ரீங்காரம் ஒழிந்தது. ஆனால் மைக்குக்கு நல்லது கெட்டது தெரியுமா? குழாய் சொட்டுவது, பாத்திரம் உருள்வது என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டது. அதையெல்லாம் அடக்கிவிட்டு வாசித்தால், பாதியில் இன்னொரு சத்தம். அவள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"வாயை மூட மாட்டியா? என் பொழைப்பே இதுல இருக்கு!"

"மெட்டு நல்லா இருந்துச்சுங்க, தானா வந்துடுச்சு."

"வந்துடுச்சாம்! உன் குரல் ஒரு துளி விழுந்தாலும் எல்லாம் பாழ். வெளியே போ!"

அடுப்பை அணைத்துவிட்டு அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பழகின இடம்தான். அவர் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வாசித்தார். பிசிறில்லாமல் வந்தது. உடனே அனுப்பினார்.

கதவைத் திறந்தவருக்குப் பெருந்தன்மை பொங்கியது. "முடிஞ்சுது, வா. இனிமே எவ்வளவு வேணா பாடிக்கோ."

இருட்டின பிறகு போன் அடித்தது. இவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"கிடார் அருமை சார்," என்றார் மேனேஜர். "ஆனா குரலையே காணோமே?"

"ஒரு பொட்டுக் குரல் விழாம பார்த்துக்கிட்டேனே!"

"அடக் கடவுளே, 'வீட்ல'ன்னு நான் சொன்னது உங்க சம்சாரத்தை சார்! சான்ஸ் கேட்டு நீங்க போன் பண்ணப்போ பின்னாடி பாடினாங்களே, அந்தக் குரலுக்காகத்தான் மியூசிக் டைரக்டர் இவ்வளவு நேரம் காத்திருந்துட்டு, இப்பதான் வேற ஆளைப் பாட வச்சு முடிச்சாரு."