எலிக்கடை அம்மாவின் கர்ப்பம்

மனிதன் பொய் சொல்வான், கருவி சொல்லாது. இந்த மகத்தான உண்மையை அந்தப் பெரிய மருத்துவமனை நிலைநாட்டிய விதம் போற்றத்தக்கது.

எலிக்கடை அம்மாவுக்கு வயது அறுபத்துமூன்று. கணவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. வெள்ளெலி, முயல், கிளி விற்கும் தன் கடையில் ஸ்டூல் சரிந்து விழுந்து, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தகடு வைக்க ஆபரேஷன். அதற்குமுன் ரத்தப் பரிசோதனை. பெண் என்றால் கர்ப்பச் சோதனையும் உண்டு. வயது பார்த்துப் பாகுபாடு காட்டும் கெட்ட வழக்கம் அங்கே கிடையாது.

கருவி 'கர்ப்பம்' என்றது. ஆபரேஷன் 'தாயின் நலன் கருதி' ஒத்திவைக்கப்பட்டது.

கட்டிலருகே வந்த மகன் தொண்டையைக் கனைத்தான்.

"அம்மா... யாரு?"

"எது யாரு?"

"இல்ல... அப்பா."

"உங்கப்பா போட்டோவுல இருக்காரு. இதுக்கு அப்பன் யாருன்னு அந்த மெஷினைப் போய்க் கேளு!"

பெரிய டாக்டரிடம் அம்மா பொறுமையாகவே சொன்னார். "எனக்குக் கர்ப்பப்பையே இல்லைங்க. எடுத்து வருஷக்கணக்காச்சு."

உடனே நிபுணர் குழு கூடியது. கருவிக்கும் கர்ப்பப்பைக்கும் நடந்த வழக்கில் கருவி வென்றது.

"குழந்தை வேற எங்கயோ தங்கியிருக்கும்மா. ஊசி போட்டுக் கரைச்சிடலாம்" என்றார் பெரிய டாக்டர்.

"இங்கயே சிறுநீர்ல பாத்தப்போ இல்லைன்னு வந்துச்சே டாக்டர்?" என்று கேட்டார் அம்மா.

"சிறுநீர் அப்பப்போ பொய் சொல்லும். ரத்தம் சொல்லாது."

ஊசி வந்தது. அது புற்றுநோய்க்கும் போடுகிற மருந்து என்று நர்ஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டியது. அதை 'மசக்கை' என்று குறித்துக்கொண்டார்கள். அம்மா உடைந்த கையை மார்போடு அணைத்தபடி, மறுகையால் மகனை இழுத்துக்கொண்டு எதிர்த்தெரு ஆய்வகத்துக்கு நடந்தார். அங்கிருந்த வேறு கம்பெனிக் கருவி 'கர்ப்பம் இல்லை' என்றது.

மருத்துவமனை பெருந்தன்மையுடன் விசாரணையில் இறங்கியது. நாள்கள் ஓடின. அம்மாவின் மணிக்கட்டு, யாருக்கும் தொந்தரவு தராமல், கோணலாகவே கூடிக்கொண்டது. கடைசியில் பெரிய டாக்டர் முகமலர்ச்சியோடு வந்தார்.

"கண்டுபிடிச்சிட்டோம்மா! எங்க மெஷின்ல ஊத்துற மருந்து எலிகிட்டேருந்து செஞ்சது. உங்களை எலி கடிச்சுக் கடிச்சு, உங்க ரத்தத்துல எலிக்கு எதிரான ஆன்டிபாடி ஏறிக்கிடக்கு. அது போய் மருந்துல ஒட்டிக்கிச்சு. மெஷின் அதைக் கர்ப்பம்னு எண்ணிருச்சு."

"அப்போ தப்பு மெஷின் மேலதானே?"

டாக்டரின் முகம் வாடியது. "மெஷினைச் சொல்லாதீங்க. உங்க ரத்தம்தான் அதை ஏமாத்தியிருக்கு."

அம்மா கோணல் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எலி கடிச்சா, உடனே ஓடி ஒளிஞ்சுக்கும் டாக்டர். நீங்க நின்னு விளக்கம் சொல்றீங்க."