கப்பலில் ஜன்னல் எதற்கு?

நான் ஜன்னல் வியாபாரி. அலுமினிய ஜன்னல், தள்ளு ஜன்னல், கொசுவலை வைத்தது, வைக்காதது எல்லாம் என் கடையில் உண்டு. "ஜன்னல் வழியா வர்ற காத்துக்குக் கரண்ட் பில் கிடையாதுங்க" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஊருக்கு ஜன்னல் மாட்டிவிட்டவன். அப்படிப்பட்ட நான், குடும்பத்தோடு போகப்போகும் உல்லாசக் கப்பலில் ஜன்னல் இல்லாத அறைதான் எடுப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. கப்பலில் கடலைப் பார்த்த மாதிரி பால்கனி அறை இருக்கிறது. கப்பலின் வயிற்றுக்குள் உள்ளறையும் இருக்கிறது. உள்ளறைக்குப் பாதி விலை. மிச்சமாகும் பாதியில் கடைக்குக் கண்ணாடி வெட்டும் மெஷின் வாங்கிவிடலாம். கையாலேயே வெட்டி வெட்டி, என் விரல்களில் ரேகையைவிடத் தழும்புதான் அதிகம். கடையில் மெஷினுக்கு இடம்கூட ஒதுக்கிவிட்டேன். வீட்டில்தான் சொல்லவில்லை.

உள்ளறையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"ஜன்னலே இல்லையா?" என்றாள் மனைவி.

"இருந்தா மட்டும் என்ன தெரியப்போகுது? தண்ணி. கொஞ்சம் தள்ளிப் பாத்தா, இன்னும் கொஞ்சம் தண்ணி."

"தண்ணியப் பாக்கத்தானே கப்பல்ல போறோம்."

"மேல்தளத்துல நின்னு ஆசைதீரப் பாரு. அதுக்குத் தனியா காசு கேக்க மாட்டாங்க. ரூம் தூங்கறதுக்கு."

"கடைக்கு வர்றவங்ககிட்ட வேற மாதிரி பேசுவீங்களே."

"அது வீட்டு ஜன்னல். வீடு நகராது, அதனால ஜன்னல் வேணும். கப்பல்தான் நகருதே."

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாததால் மேற்கொண்டு விளக்கவில்லை.

ஏழு வயது மகள் நடுவில் புகுந்தாள். "அப்பா, இருட்டு ரூம்ல மூச்சு முட்டும்."

"முட்டாது கண்ணு. அப்பா இருந்து காட்டறேன்."

உடனே ஒத்திகை. படுக்கையறையைக் கப்பல் அறையாக்கினேன். ஜன்னல் நான் மாட்டியது. அதை நானே கம்பளியால் மூடி, ஓரமெல்லாம் ரப்பர் பட்டை வைத்து அடைத்தேன். ஓர் ஊசி வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. தொழில் தெரிந்தவன் அடைத்தால் அப்படித்தான் இருக்கும்.

"ராத்திரி சாப்பாடு வரைக்கும் இதுதான் கப்பல். நான் தாங்காம வெளிய வந்தா பால்கனி. வரலைன்னா உள்ளறை. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் மனைவி. அவள் மறுபேச்சில்லாமல் சம்மதித்த எந்த நாளும் எனக்கு நல்ல நாளாக இருந்ததில்லை. அந்த நேரம் பார்த்து அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மூன்று பேரும் உள்ளே போனோம். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. "எங்களால முடியலங்க" என்று மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"இவ்வளவுதானா உங்க வீரம்?" என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

அவர்கள் கூடத்தில் எதையோ உருட்டி விளையாடினார்கள். சிரித்தார்கள். முட்டை பொரிக்கிற வாசம் கதவிடுக்கு வழியாக வந்து என்னை நலம் விசாரித்தது.

"எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம். உனக்குக் கொடுத்துவைக்கல."

மதியம் மாமனார் வந்தார். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். வண்டியைக் கொடுத்துவிட்டார். இன்ஜினை மட்டும் மூக்கில் வைத்துக்கொண்டார். விருந்தாளியாக வருவதே தூங்குவதற்குத்தான் என்று நினைக்கிற மனிதர். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஆயுசு பூரா கண்ணாடி வழியா ரோட்டையே பாத்தாச்சு மாப்பிள்ளை. ஆகா, என்ன இருட்டு, என்ன இருட்டு."

என் கொள்கைக்குக் கிடைத்த முதல் தொண்டர். கட்டிலில் சாய்ந்தார். இன்ஜின் கிளம்பியது. நேராக மலைப்பாதையில் ஏறியது.

நான் தரையில் உட்கார்ந்து மெஷினை நினைத்துக்கொண்டேன். அந்த மெஷின் இவ்வளவு சத்தம் போடாது.

சாயங்காலம் கதவுக்கு வெளியே ஒரு புதுக் குரல். டிக்கெட் போடும் அம்மா, மனைவிக்குத் தோழி.

"சார், உங்களுக்கு உள்ளறைன்னு சொல்றாங்க. உறுதிதானா?"

"உறுதி. ஜன்னல் வியாபாரி சொல்றேன், ஜன்னல் வேணாம்."

"அப்ப பணம் கட்ட உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க சார்."

போனைத் திறந்தேன். அறையெல்லாம் வெளிச்சம். இன்ஜின் சடக்கென்று நின்றது.

"எதிர்ல வர்ற வண்டி மாதிரி கண்ணைக் குத்துது. அணைங்க மாப்பிள்ளை."

நம்பரை மட்டும் படித்துச் சொல்லிவிட்டு அணைத்தேன். இன்ஜின் மறுபடி கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் மனைவியின் குரல். "ஏங்க, ரெண்டாவதா ஒரு நம்பர் வந்திருக்கும். அதையும் சொல்லுங்க, அவங்க காத்திருக்காங்க."

முதல் முறை சிக்னல் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்தேன். போர்வைக்குள் போனை வைத்து, நம்பரை மட்டும் பார்த்து, அதையும் கம்பீரமாகச் சொன்னேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். வெற்றிவீரனாக வெளியே வந்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது.

"ஜெயிச்சுட்டேன்."

"நல்லாவே ஜெயிச்சீங்க. அதான் உங்களுக்கு உள்ளறையே போட்டாச்சு" என்று தட்டை வைத்தாள்.

"உங்களுக்கா? நமக்குன்னு சொல்லு."

"நாங்கதான் கால்மணி நேரத்துல தோத்துட்டோமே. நீங்களே சிரிச்சீங்க. முடியாதவங்களைப் போய் எப்படி அதுல அடைக்கிறது? எங்க ரெண்டு பேருக்கும் பால்கனி."

"எப்ப போட்ட?"

"ரெண்டாவது நம்பர் சொன்னீங்களே, அப்ப."

பால்கனி முழு விலை. அதன் தலையில் உள்ளறை பாதி விலை. கடையில் ஒதுக்கிய இடத்திலிருந்து என் மெஷின் எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் நடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது.

"அந்த இருட்டு ரூம்ல நான் ஒருத்தனா?" என்றேன். சுருதி இறங்கிவிட்டது.

"ரெண்டு கட்டில் இருக்காம். ஒண்ண சும்மா போட்டா உங்களுக்கு மனசு கேக்குமா?"

படுக்கையறைக் கதவு திறந்தது. மாமனார் சோம்பல் முறித்துக்கொண்டே வந்து என் தோளில் கை போட்டார்.

"கப்பல்ல நான் கதவுப் பக்கம் படுத்துக்கறேன். நீங்க ஆசைப்பட்டா ஜன்னல் பக்கம் படுங்க மாப்பிள்ளை."