எங்களுக்காகக் கோர்ட்டுக்குப் போன சுழற்சி

வேலூர் வெயிலை ஒரு குடையால் தடுத்துவிடலாம். எங்கள் அலுவலகத்துச் சுழற்சியைத் தடுக்க எந்த அரசாணையாலும் முடிந்ததில்லை.

உதவியாளராக இருந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அரசு வேலையில் எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று சொல்லும் இனச்சுழற்சி வரிசையை அவர் கரைத்துக் குடித்திருந்தார். அதோடு விட்டாரா? உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அந்த வரிசையில் நிற்க வைத்தார். அதனால்தான் சுழற்சி.

எங்கள் அதிகாரிக்குக் காலையில் யாரையாவது திட்டினால்தான் வேலை ஓடும். அதற்கும் முறை வகுத்தார் சுழற்சி.

"சார், இன்னைக்கு உள்ள போறது நீங்க," என்றார் ஒரு நாள். நான்தான் கண்காணிப்பாளர், அவருக்கு மேலதிகாரி.

"யோவ், நான் இன்னாய்யா தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்றவங்கதான் திட்டு வாங்கணும்னா ஒருத்தரே டெய்லி வாங்கணும் சார். பாவம் இல்லயா?"

அந்த ஒருத்தர் யார் என்று நான் கேட்கவில்லை. போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

யாருக்காவது பதவி உயர்வு என்றால் ஆம்பூரிலிருந்து பிரியாணி வரும். லெக் பீஸ் முறைப்படிதான். ஒருமுறை தன் முறையன்று சுழற்சி காய்ச்சலில் படுத்துவிட்டார். அடுத்த பிரியாணியில் இரண்டு லெக் பீஸை இலையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு ஜாஸ்தியா இருக்கேய்யா."

"அது போன வாட்டி நிரப்பாத இடம் சார். வேற ஆளுக்கு மாத்தக்கூடாது. சட்டம்."

அவர் காய்ச்சலில் கிடந்தபோது அந்த இடத்தை நிரப்பியவன் நான். தலையைக் குனிந்து குஸ்காவைப் பிசைந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அலுவலக உதவியாளர் இடம் ஒன்றுக்கு ஆள் எடுத்தோம். போன முறை வரிசை எங்கே நின்றதோ அதற்கு அடுத்த இடத்திலிருந்து தொடர வேண்டும். அந்த அடுத்த இடம் ஆதிதிராவிடர் பெண்ணுக்கு உரியது. ஆனால் பழைய பதிவேட்டில் பக்கம் தீர்ந்து போயிருந்தது. நான் புதிதாக ஒன்று வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, பிள்ளையார் சுழி போட்டேன். சுழி போட்ட புது நோட்டை யாராவது நடுவிலிருந்து தொடங்குவார்களா? முதல் இடத்திலிருந்து தொடங்கினேன். முதல் இடம் பொதுப் பிரிவு.

சுழற்சி எட்டிப் பார்த்தார். "சார், நோட்டுதான் புதுசு. வரிசை பழசு."

"நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சிருக்கேன். பேஜார் பண்ணாத, போய்யா."

தவறு என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மை காய்வதற்குள் அடித்துத் திருத்தியிருக்கலாம். சொன்னவர் சுழற்சி என்பதால் திருத்தவில்லை.

கஸ்தூரி என்ற பெண் என் மேசை முன் வந்து நின்றார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. "இந்த வாட்டி எங்க முறைதானே சார்? இத விட்டா எனக்கு வயசு தாண்டிடும். அப்புறம் மனு போடவே முடியாது."

"வேணும்னா கோர்ட்டுக்குப் போம்மா," என்றேன், போகமாட்டார் என்ற தைரியத்தில். போய்விட்டார். நியமனத்துக்குத் தடையும் வந்தது.

அரசு வழக்கறிஞருக்கு விவரம் சொல்ல, கோப்போடு யாராவது சென்னைக்குப் போக வேண்டும். இரண்டு நாள் நிம்மதியாக இருக்கலாமே என்று சுழற்சியையே அனுப்பினேன். சொந்த வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுத்துக் காவல் வைத்தவன்கூட இதைவிட யோசித்திருப்பான்.

திரும்பி வந்தவர் கையில் மைசூர்பாகு டப்பா.

"இன்னாய்யா ஆச்சு?"

"தோத்துட்டோம் சார். ஸ்வீட் எடுத்துக்கங்க."

வாயில் போட்ட பிறகுதான் எனக்கு அர்த்தமாயிற்று. "எப்படிய்யா?"

"நம்ம பக்கம் இன்னா சொல்லலாம்னு வக்கீல் கேட்டாரு. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னேன். அவருக்குப் புரியல. அப்புறம் லெக் பீஸ் வெச்சு விளக்கினேன். டக்குனு புரிஞ்சிடுச்சி. தப்பு எங்க மேலதான்னு ஜட்ஜ்கிட்ட அவரே ஒத்துக்கிட்டாரு."

"கவர்மெண்ட்டுக்காகப் போய்ட்டு கவர்மெண்ட்டையே தோக்கடிச்சிட்டியே."

"கவர்மெண்ட்டு தோக்கல சார். நீங்கதான் தோத்தீங்க."

டப்பாவை மூடி அவர் பக்கமே தள்ளினேன்.

அடுத்து நான் செய்ததைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. சுழற்சிக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்க வைத்தேன். அவருடைய ஊதிய உயர்வு நின்றது. பிறகு அணைக்கட்டு என்ற ஊருக்கு மாற்றல். காரணம் 'நிர்வாக நலன்' என்று எழுதியதும் நான்தான். அதிகாரி கையெழுத்து மட்டும் போட்டார்.

கஸ்தூரி வேலையில் சேர்ந்த அன்று, சுழற்சி எங்கள் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். நான் போய் உள்ளே கூப்பிட்டேன்.

"வேணாம் சார், உங்களுக்கு சங்கடம். அரை நாள் லீவு போட்டுட்டுதான் வந்தேன். அந்தம்மா சேந்துட்டாங்களா?"

அந்த நேரம் பார்த்து கஸ்தூரியே வெளியே வந்தார். சுழற்சியைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. "இவரு எனக்கு எதிரா ஃபைல் தூக்கினு கோர்ட்டுக்கு வந்தவராச்சே."

"ஆமாம்மா," என்றார் சுழற்சி. "தோத்துட்டேன்." சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பப் போனார்.

நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். மைசூர்பாகு, மெமோ, மாற்றல் என்று நடந்த அத்தனையையும், நான் செய்ததையும் சேர்த்து, ரோட்டில் நின்றபடியே கஸ்தூரியிடம் சொன்னேன். அவர் சுழற்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சட்டத்தில் எதற்கும் பதில் வைத்திருந்த அந்த மனிதருக்குக் கும்பிட்டவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி, கண்ணாடியை அவசரமாகக் கீழே இறக்கிக்கொண்டார். அதற்குள் அவர் கண்ணை நான் பார்த்துவிட்டேன்.