வர இயலாமைக்கு வருந்துகிறேன்

கும்மிடிப்பூண்டி,
கம்பெனி மூடிய காலம்.

பெரும் மதிப்பும் கொஞ்சம் பயமும் கலந்த அத்தை கெங்கம்மாள் அவர்களுக்கு, மருமகன் அன்புசெல்வன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். பள்ளிப்பட்டில் தாங்களும், இளமதியும், ஊரடங்கில் பிறந்து இன்னும் அப்பன் முகம் பார்க்காத என் மகளும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். போன் ரிப்பேர் என்பதால் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பேர் வைப்பதாகவும், நான் வராவிட்டால் உங்கள் தம்பியே காதில் பேர் சொல்லிவிடுவார் என்றும் தக்காளி வண்டி பரசுராமனிடம் சொல்லியனுப்பினீர்கள். தாராளமாகச் சொல்லட்டும். எனக்கு நேரமில்லை. இரும்புக் கம்பெனி மூடியிருந்தாலும் அதன் பூட்டே என்னை நம்பித்தான் தொங்குகிறது. கான்ட்ராக்டர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ரேஷன் கார்டு இளமதி பெட்டியோடு உங்கள் ஊருக்கு வந்துவிட்டது, அதுவும் அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் போன வாரம் ஒரு சின்ன பேஜாரு. பக்கத்து ரூம் பீகார்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பிரிஞ்சி சாதப் பொட்டலம் தருகிறார்கள் என்று நானும் நடுவில் சொருகிக்கொண்டேன். வெளிமாநிலத்தாருக்கு மட்டும் என்று துரத்திவிடுவார்களோ என்று, எது கேட்டாலும் "அச்சா" என்றேன். நெற்றியில் மெஷின் வைத்துச் சூடு பார்த்தார்கள், அச்சா. கையில் முத்திரை குத்தினார்கள், அச்சா. பொட்டலம் கொடுத்து பஸ்ஸில் ஏற்றினார்கள், அதற்கும் அச்சா. நாலு வாய் தின்ற பிறகுதான் எங்கே போகிறோம் என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன். "ஸ்டேஷன், பாய். பாட்னா டிரெயின்" என்றான்.

நான் போட்ட கூச்சலில் பஸ் நின்றது.

"யோவ், தமிழாளா நீ? இன்னாத்துக்குய்யா ஏறின?" என்றார் போலீஸ்காரர்.

"நாஷ்டா குடுத்தாங்க சார், ஏறிட்டேன். பள்ளிப்பட்டு போற பஸ்ஸு எதுனா கீதா சார்? பொண்டாட்டி ஊரு."

"பாஸ் இல்லாம ஒண்ணும் கெடையாது. எறங்கு."

சோழவரத்தில் இறக்கிவிட்டார்கள். நடந்தே திரும்பினேன். பாருங்க அத்தை, ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி கீறவன் புள்ள மூஞ்சியப் பாக்கப் போறான், ஒரே மாவட்டத்துல கீற எனக்கு வழி இல்ல. அன்னிக்கு ரோட்டுல நடந்துக்கினே அழுதேன். நெத்தி யார் மாதிரி, மூக்கு யார் மாதிரின்னுகூட எனக்குத் தெரியாது.

இது ஏதோ பேச்சுவாக்கில் எழுதியது. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மொத்தத்தில் நான் வரமாட்டேன். வெறுங்கையோடு மாமியார் வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஆள் நானில்லை. தங்கள் தம்பிக்கு என் வணக்கம். இளமதியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். குழந்தைக்கு ஆயிரம் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வேலைப்பளு மிகுந்த மருமகன்,
அன்புசெல்வன்.

பின்குறிப்பு: இதைப் பரசுராமன்கிட்ட குடுத்தா, "வண்டி காலியாத்தான் போவுது, நீயே போய்க் குடேன்யா"ன்னுட்டாரு. இத அவரு கையில இருந்து வாங்கினதும் வெளிய வந்து பாருங்க அத்தை. காலித் தக்காளிப் பெட்டிங்களுக்கு நடுவுல ஒருத்தன் மூஞ்சியில துண்டு கட்டிக்கினு உக்காந்திருப்பான். கிளீனருன்னு நெனச்சு டீ குடுத்து அனுப்பிடாதீங்க, நான்தான். போன் ரிப்பேர் இல்ல, வித்துத் தின்னுட்டேன். பதினாலு நாள் ஒதுங்கி இருன்னா மாட்டுக் கொட்டாயில இருந்துக்கறேன். உங்க தம்பிய மட்டும் வாயத் தொறக்க வேணாம்னு சொல்லுங்க. இளமதிய, புள்ளயத் தூக்கிக்கினு வாசலுக்கு வரச் சொல்லுங்க. நான் தெருவுல நின்னே கத்தறேன், அது காதுல விழும். பேரு பூமிகா.