கஞ்சி போட்ட நாய் மெத்தை

ஆனையூர், மதுரை
செவ்வாய்க்கிழமை

சௌபாக்கியவதி மதுவந்திக்கு, அம்மா நாகலக்ஷ்மி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மீனாட்சி அருளால் நான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். உன் நாயும் பரம சௌக்கியம். இந்தக் கடிதத்துக்கு அதுதான் காரணம். செல்லில் தட்டினால் ஒற்றெழுத்தெல்லாம் பறந்துவிடுகிறது, அதனால் பேனாவை எடுத்தேன்.

பெங்களூரில் புது வீடு கிடைக்கும்வரை என்று சொல்லிப் பிரவுனியை இங்கே விட்டுப் போனாய். அந்தப் பெயரை வாசலில் நின்று கூப்பிடக் கூச்சமாக இருப்பதால் 'ஏய்' என்கிறேன், அதற்கும் வருகிறது. வெறும் தரையில் படுக்கவிடாதே, பழைய ஸ்வெட்டரில் மெத்தை தைக்கலாம் என்று வீடியோ அனுப்பினாய். மதுரையில் யார் வீட்டில் ஸ்வெட்டர் இருக்கிறது? நம் வீட்டில் உள்ள ஒரே கம்பளி உன் அப்பாவின் குரங்குக் குல்லாய். ஆகவே என் பழைய சுங்குடிப் புடவையை உறையாக்கி, கிழிந்த துண்டுகளையும் பாவாடைகளையும் உள்ளே திணித்து, சுற்றிலும் திண்டு மாதிரி விளிம்பு வைத்துக் கையாலேயே தைத்தேன். கான்வென்டில் சிஸ்டர் பிலோமினா ஒரு தையல் கோணினாலும் முழுவதையும் பிரிக்கச் சொல்வார். நாய்க்குத்தான் என்றாலும் நான் ஒன்றையும் கோணவிடவில்லை. தைத்ததைத் துவைத்து, வடிகஞ்சி போட்டு, மொட்டைமாடியில் காயவைத்தேன். கஞ்சி போடாத பருத்தித் துணி நம் வீட்டில் புழங்கியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

எடுத்து வந்து கூடத்தில் போட்டேன். அடுத்த வீட்டு சோலை, கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், எட்டிப் பார்த்து, "என்ன மாமி, இம்புட்டு வெறப்பா இருக்கு? நாய்க்கு மெத்தை தச்சீகளா, அப்பளம் காயப் போட்டீகளா?" என்றார். துணி என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றேன். "படுக்கத்தான மாமி போகுது, பரேடுக்கா போகுது?" என்கிறார். அதற்குள் உன் நாய் மெத்தையில் ஒரு காலை வைத்து, மடமடவென்ற சத்தத்தில் மிரண்டு கட்டிலடிக்கு ஓடிவிட்டது. அப்புறம் மெல்ல வந்து மோந்து பார்த்தது, நக்கியது, சோற்று வாசனை பிடித்துப்போய் விளிம்பையே தின்ன ஆரம்பித்துவிட்டது. "படுக்கையும் சாப்பாடும் ஒண்ணாவே குடுத்துட்டீக" என்று சோலை சிரித்துக்கொண்டே போனார்.

ஒட்டுப்போடத் துணி தேடிப் பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் உன் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை இருந்தது. கழுத்தை அறுக்குதுடி என்று காலமெல்லாம் என் கஞ்சியோடு சண்டை போட்ட மனுஷன், அந்த ஒரு சட்டையை மட்டும் கஞ்சி படாமல் பேப்பர் கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போன பிறகுதான் என் கையில் சிக்கியது. ஏனோ அதற்குக் கஞ்சி போட மனசு வரவில்லை, பாத்திரக்காரனிடம் போடவும் மனசு வரவில்லை, அப்படியே வைத்திருந்தேன். நான் ஒரு பாவாடையை உருவிக்கொண்டிருந்த நேரத்தில் உன் நாய் அந்தச் சட்டையைக் கவ்விக்கொண்டு போய், மூலையில் போட்டு, சுற்றிச் சுற்றி வந்து அதன்மேல் படுத்துவிட்டது. ஏய், எழுந்திரு என்றேன். காலரில் தாடையை வைத்துக்கொண்டு, கஞ்சி போட்ட சட்டையை நீட்டினால் உன் அப்பா பார்ப்பாரே, அதே பார்வை. இழுத்தால் பட்டன் தெறிக்கும், விட்டால் நகம் பட்டுக் கிழியும், நான் என்னதான் பண்றது சொல்லு. உன் பங்குக்கு நீ அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு போனாய். எனக்கு இருக்கும் சட்டை இது ஒன்றுதான். ஆகையால் வீடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்துக்கொண்டு வந்து உன் நாயை அழைத்துப் போ. இதில் மாற்றமில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: சட்டையை ஒருவழியாக வாங்கித் துவைத்துக் கொடியில் போட்டேன். பிரவுனி அது காயும்வரை கொடியடியில் உட்கார்ந்திருந்தது. குழந்தை தனியாக இருக்கிறதே என்று நானும் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம், நீ பஸ்ஸிலேயே வா. அப்பாவின் வெள்ளைச் சட்டையைக் கொண்டு வா, மாற்றுக்கு வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தபடி அதற்குக் கஞ்சி போட்டு வைத்திருப்பாய். நன்றாக அலசிவிட்டுக் கொண்டு வா.