ஆகாப் பள்ளத்தில் சிவகிரி அண்ணாச்சி விழுந்த விவரம்

அன்புள்ள மைத்துனர் நயினார் அவர்களுக்கு, குற்றாலத்திலிருந்து அத்தான் இசக்கிராஜா எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் அக்கா சங்கரேஸ்வரியும் சாரலும் சுகம். பெங்களூரில் நீங்களும் குடும்பமும் சுகமாக இருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ‘நடந்தது என்னவென்றால்’ என்று தொடங்கினாலே ‘அத்தான், மீட்டிங்’ என்று வைத்துவிடுகிறீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சம்பவத்தை ஆதியிலிருந்து எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஆகவே, உங்கள் அப்பா விட்டுப்போன நம் கல் பங்களாவை வாங்க வந்த பேச்சிராஜ் அண்ணாச்சி ஏன் வாங்காமல் போனார் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலில் சம்பவ இடம். மேற்படி பங்களாவைக் கட்டியவர் ஹார்ட்லி என்ற துரை. சீமையில் அவர் பிறந்தது ஒரு பழைய கல்வீடு. அதே மாதிரி ஒன்று குற்றாலத்திலும் வேண்டும் என்று படத்தைக் கொத்தனார்கள் கையில் கொடுத்துவிட்டார் என்று உங்கள் அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாரே, நினைவிருக்கும். படத்தில் இருந்ததையெல்லாம் அவர்களும் கட்டிவிட்டார்கள். பனி வழுக்கி விழ வேண்டும் என்று கூரையைச் செங்குத்தாகச் சரித்தார்கள்; குற்றாலத்தில் அப்படிப் பனி ஏது, குரங்குதான் வழுக்கி விளையாடுகிறது. அறைக்கு அறை குளிர்காயும் அடுப்பு, அதற்கு மேல் புகைக்கூண்டு. அந்த அடுப்புக்குள் நாங்கள் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறோம். ஜன்னல் பக்கவாட்டில் திறக்காது, மேலே தள்ள வேண்டும், தள்ளினால் நிற்காது, கழுத்தைக் குறிபார்த்து இறங்கும். வாசல் வளைவின் மேல் சிங்கம் செதுக்கச் சொன்னாராம் துரை. நம் கல்தச்சர் சிங்கத்தை எங்கே கண்டார்? கோயில் தூணில் கண்ட யாளியைத் தும்பிக்கையோடு செதுக்கி வைத்துவிட்டார். அந்த இடத்தில் மட்டும் எனக்குத் துரை மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

இதில் முக்கியம் பின்பக்கப் பள்ளம். சீமையில் பெரிய வீட்டுக்காரர்களுக்கு வேலி கண்ணை உறுத்துமாம். மாடும் உள்ளே வரக் கூடாது, மறைப்பும் இருக்கக் கூடாது. அதற்காகப் புல்தரையின் கடைசியில் பள்ளம் தோண்டி, வீட்டுப் பக்கத்தை மட்டும் கல்லால் செங்குத்தாகக் கட்டிவிடுவார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் புல் மலையடி வரைக்கும் ஓடுவதுபோல் இருக்கும். கிட்டப் போனவன் குழியைக் கண்டு ‘ஹா ஹா’ என்று பதறுவானாம். அதுவே அதற்குப் பேர். துரை சொன்ன அந்த ஹாஹா, வேலைக்கு வந்த மேலகரத்து ஆட்கள் வாயில் ஆகா ஆகி, இன்றைக்கும் ஊருக்கு அது ஆகாப் பள்ளம்.

போன வெள்ளிக்கிழமை புரோக்கர் நாசரும் பேச்சிராஜ் அண்ணாச்சியும் வந்தார்கள். அண்ணாச்சிக்குச் சிவகிரியில் லாட்ஜ் இருக்கிறது. இங்கேயும் கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு ஐந்து மாடி எழுப்பத் திட்டம். தங்கமான மனுஷன். யாளியைப் பார்த்து, “இது என்ன ரைட்டர் அண்ணாச்சி, நாய்க்குத் தும்பிக்கை வச்சிருக்கீய?” என்றார். நீங்கள் கண்டித்துச் சொன்னபடியே ஒழுகுகிற அறையைப் பூட்டிவிட்டு, மலைக்காட்சியைக் காட்டப் பின்பக்கம் அழைத்துப் போனேன். அண்ணாச்சி செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டே புல்லில் இறங்கிவிட்டார். பள்ளத்தை ஒட்டி முளையடித்துக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருப்போம். அன்றைக்குப் பார்த்துக் கயிறும் இல்லை, துணியும் இல்லை.

“அண்ணாச்சி! ஆகா! ஆகா!” என்று கத்தினேன்.

அவர் மலையைப் பார்த்தபடியே, “ஆமா அண்ணாச்சி, ஆகா ஆகாதான்! என்னமா இருக்கு!” என்றார்.

“ஐயோ, ஆகாங்கேன், நில்லுங்க!”

“நானும் அதைத்தான சொல்லுதேன், ஆகா...”

அந்த ஆகாவின் பின்பாதி பள்ளத்துக்குள்ளிருந்து வந்தது. சாரல் தண்ணீர் இடுப்பளவு நின்றதால் அடி ஒன்றும் இல்லை. நாசர் மேலிருந்து எட்டிப் பார்த்து, “இதைச் சொல்லியே ரேட்டைக் குறைச்சிரலாம் அண்ணாச்சி” என்று ஆறுதல் சொன்னார்.

தூக்கிவிட்டு, துண்டு கொடுத்து, வேட்டியைக் குளிர்காயும் அடுப்புக்கு முன்னால் நாற்காலியில் விரித்துப் போட்டோம். உங்கள் அக்கா சுக்குக் காப்பி கொண்டுவந்தாள். புகைக்கூண்டின் வாயில் உங்கள் அப்பா போட்ட கம்பிவலை இருக்கிறது என்ற தைரியத்தில் நான் இருக்க, உள்ளே தடதடவென்று சத்தம். கரி பூசிய குரங்கு ஒன்று இறங்கி வந்து, எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மேற்படி வேட்டியுடன் வந்த வழியே ஏறிவிட்டது. “ஏலே, என் வேட்டிலே!” என்று அண்ணாச்சி கூண்டுக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டார். அது வருமா? என்னுடைய பழைய காக்கி பேண்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் மேலகரத்தில் இரண்டு பேர் அவருக்கு வணக்கம் வைத்ததாகக் கேள்வி. காரில் ஏறும்போது, “ரைட்டர் அண்ணாச்சி, இந்த வீடு நமக்கு ஆகாது” என்றார். ஆகா என்று வந்தவர் ஆகாது என்று போனார்.

உடனே விசாரணை நடத்தினேன். உங்கள் அக்காவைச் சாட்சியாகக் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, “நீங்க போலீசு. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?” என்றாள். நியாயமான பேச்சு. ஆகவே, கயிறு காற்றில் அறுந்தது, வலை துருப்பிடித்து விழுந்தது, குழி தோண்டியதும் கூண்டு கட்டியதும் ஹார்ட்லி துரை, எனவே முதல் எதிரி அவரே, அவர் இறந்துவிட்டபடியால் வழக்கு முடிந்தது என்று தீர்மானித்தேன். என் கண்ணில் மண்ணைத் தூவியவன் இதுவரை பிறக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். வேறொருவரை அழைத்துவர நாசரிடம் சொல்லியிருக்கிறேன். தென்காசியில் லிஃப்ட் வைத்த வீடு ஒன்றும் எங்களுக்குப் பார்த்தாயிற்று. உங்கள் அக்காவுக்குப் பூரண சம்மதம். விற்பதைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் வாயே திறப்பதில்லை, அதிலிருந்தே தெரிகிறது.

உங்கள் மகள், என் மருமகள் மஞ்சுவுக்கு என் ஆசிகள். குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் உங்கள் வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் இசக்கிராஜா

பி.கு: தம்பி நயினாருக்கு அக்கா எழுதுதேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு, அதான் படிச்சேன். கயிறை அவுத்தது நான். புகைக்கூண்டு வலையைக் கழட்ட தேங்கா பறிக்க வாற மாடனை மேல ஏத்தினதும், குரங்குக்கு உள்ள வாழைப்பழம் வச்சதும் நான்தான். துரை பாவம், அவரைச் சொல்லாத. அடுத்து வாறவருக்குக் கழுத்துல இறங்குத அந்த ஜன்னலு இருக்கு. எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு, ஒழுகினாலும் பிடிச்சிருக்கு, அதுக்குமேல காரணம் சொல்லத் தெரியல. விக்கலாமான்னு அத்தானைக் கேட்ட, நாசரைக் கேட்ட, சிவகிரிக்காரரையும் கேட்ட. பாதி வீடு என் பேருல கிடக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்டியாடே? கேட்டிருந்தா வேண்டாம்னு ஒரே சொல்லுல முடிஞ்சிருக்கும். அந்த மனுசனும் வேட்டியோட வீடு போய்ச் சேந்திருப்பாரு.